எழுதித் தரச் சொல்

சித்தியவான்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். மின்நிலையத்தில் வேலை கிடைத்து மஞ்சோங் பக்கமே வரப்போகிறாய் என்று உன் அப்பா சொன்னதிலிருந்து இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். உன் நாய்கள் டைகரும் மணியும் உன்னோடு வருவதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. பெண்பிள்ளை தனியாக இருக்கப்போகிறாய், இரவு ஷிப்டு வேறு. டைகர் மாதிரி ஐம்பது கிலோ ராட்வைலர் வாசலில் படுத்திருப்பது ஒரு விதத்தில் எங்களுக்கும் நிம்மதிதான். ஆனால் வீடு பார்ப்பது பற்றி நீ அப்பாவுக்கு அனுப்பிய செய்தியைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. ஸ்ரீ மஞ்சோங்கில் ஓர் அடுக்குமாடி வீடு. உரிமையாளர் போனிலேயே, நாய் இருந்தால் பரவாயில்லை, அதையெல்லாம் அக்ரிமெண்டில் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். இன்னொன்று கம்போங் கோ பக்கம், சுற்றிலும் காம்பவுண்டு வைத்த பழைய வீடு. கூரை பழசு, வேலைக்குச் சற்றுத் தூரம். எதை எடுப்பது என்பது உன் விருப்பம். நான் குறுக்கே நிற்க மாட்டேன். என் யோசனையை மட்டும் கேட்டுவிட்டு முடிவு செய்.

முதலில் வீட்டுக்காரர் பக்கம் நின்று பார். நாய் வேண்டாம் என்று சொல்பவரை உடனே ஈரமில்லாதவர் என்று முடிவு கட்டுவது நம் ஆட்கள் வழக்கம். இந்த வட்டாரத்தில் வாடகைக்கு வருபவர்கள் யார் என்று யோசி. லூமுட் கடற்படைத் தளத்துக் குடும்பங்கள், மின்நிலையத்துக்கு வருபவர்கள், தெலுக் ரூபியாவில் இரும்புத்தாது முனையத்துக்கு வருபவர்கள். கடற்படைக் குடும்பங்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். நாய் புழங்கிய இடத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால் கழுவிச் சமாக் என்ற இஸ்லாமியச் சுத்தம் செய்த பிறகே அவர்கள் குடிவர முடியும். வீட்டுக்காரர் சீனரோ தமிழரோ, அடுத்த வாடகைக்காரரை மனதில் வைத்துத்தான் கணக்குப் போடுவார். அதில் வெறுப்பைத் தேடாதே, அது அவருடைய வியாபாரம். பறவைக்கூட்டுக்காகக் கடைவீட்டு மாடியைக் குருவிகளுக்கு விட்டு, ஒலிபெருக்கியில் சத்தம் வைத்து அவற்றைக் கூப்பிடும் ஊர் இது. நாய்க்கு மட்டும் இடமில்லை என்பது வேடிக்கைதான், ஆனால் குருவி காசு தருகிறது. பெரிய நாய் என்றால் இன்னொரு பயமும் உண்டு. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறிய செய்தி இங்குள்ள தமிழர் கைபேசிகளிலும் சுற்றியது. அதற்கு முன்பே அந்த ஆண்டு மார்ச்சில் இந்திய அரசு 23 இன நாய்களுக்குத் தடை விதிக்கச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நம் நாட்டிலும் ராட்வைலரைத் தாராளமாக இறக்குமதி செய்ய முடியாது, அது கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இனம். டைகர் பூனைக்குக்கூடப் பயப்படுவான் என்று உனக்குத் தெரியும். வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்?

இப்போது அந்த அடுக்குமாடியைப் பார்ப்போம். உரிமையாளர் சம்மதித்துவிட்டார் என்கிறாய். சம்மதிக்க அவருக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று கேட்டாயா? 2013 ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015 இல் வந்த விதிமுறைகளின் மூன்றாம் அட்டவணையில் 14 ஆம் துணைவிதி என்று ஒன்று இருக்கிறது. மற்ற வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவாகவோ அவர்கள் பாதுகாப்புக்கும் ஆரோக்கியத்துக்கும் ஆபத்தாகவோ இருக்கக்கூடிய விலங்கை வைத்திருக்கக் கூடாது. நிர்வாகம் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தால் மூன்று நாளுக்குள் அதை அங்கிருந்து அகற்ற வேண்டும். மூன்று நாள், மகளே. உரிமையாளரே குடியிருந்தாலும் அதுதான் கதி, வாடகைக்கு இருக்கும் உனக்கு எம்மாத்திரம்? இரவு ஷிப்டு முடிந்து வந்து நீ தூங்கும்போது மணி குரைப்பான். மேல்மாடியில் கைக்குழந்தை வைத்திருக்கும் ஒரு தாய் நிர்வாகத்துக்கு எழுதுவாள். அவள் மேல் தப்புச் சொல்ல முடியுமா? லிப்டில் டைகரோடு ஏறும்போது உள்ளே நிற்பவர் சுவரோடு ஒட்டிக்கொள்வாரே, அதையும் தினமும் பார்க்க வேண்டியிருக்கும். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பொதுவாக அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்களில் ஒரே ஒரு நாய்தான் வைத்துக்கொள்ளலாம். ராட்வைலருக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. அவர்கள் வெளிப்படையாக முடியாது என்று சொல்லிவிடுகிறார்கள். நம் ஊரில் சரி சரி என்று சொல்லி உள்ளே விட்டுவிட்டு, பிறகு மூன்று நாள் தருகிறார்கள்.

சட்டம் வாடகைக்காரரைக் காப்பாற்றாதா என்று கேட்பாய். சில நாடுகளில் காப்பாற்றுகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், வீட்டில் பிராணி கூடாது என்ற வரி வாடகை ஒப்பந்தத்தில் இருந்தாலும் அது செல்லாது என்று 2006 ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. இங்கிலாந்தில் 2025 இல் நிறைவேறிய சட்டத்தின்படி வாடகைக்காரர் செல்லப்பிராணிக்கு அனுமதி கேட்டால் நியாயமான காரணமின்றி வீட்டுக்காரர் மறுக்கக் கூடாது. நமக்கு வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டமே இல்லை. கொண்டு வருவோம் என்று பல ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே உனக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் இருப்பது ஒப்பந்தம் ஒன்றுதான். மூன்று ஆண்டு வரையிலான வாடகையை வாய்மொழியாகக்கூடப் பேசி முடிக்கலாம் என்று தேசிய நிலச் சட்டம் அனுமதிக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. வாய்மொழியில் பேசியது என்ன என்று பின்னால் யார் சாட்சி சொல்வது என்பதுதான் கேள்வி. அதைவிட மோசம், புத்தகக் கடையில் வாங்கும் அக்ரிமெண்ட் தாளிலும் ஏஜெண்டுகள் கையில் வைத்திருக்கும் தாளிலும் வீட்டில் பிராணி வளர்க்கக் கூடாது என்ற வரி பெரும்பாலும் ஏற்கனவே அச்சாகியிருக்கும். உரிமையாளர் எழுத வேண்டாம் என்றால், அந்த வரி அப்படியே நிற்கும், நீ அதன் கீழே கையெழுத்துப் போடுவாய். முதல் நாளிலிருந்தே ஒப்பந்தத்தை மீறியவள் நீதான். வாடகையை ஏற்ற வேண்டும் என்றோ வீட்டைத் தம்பி மகனுக்குக் கொடுக்க வேண்டும் என்றோ அவருக்குத் தோன்றும் நாளில் டைகர் நல்ல சாக்காகிவிடுவான். இரண்டு மாத முன்பணமும் அதோடு போகும். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உன்னைப் பலவந்தமாக வெளியேற்ற அவருக்கு உரிமை இல்லை, 1950 ஆம் ஆண்டுச் சட்டம் உன் பக்கம் இருக்கிறது. ஆனால் வழக்கு நடக்கும் வீட்டில் எவ்வளவு நாள் நிம்மதியாகச் சோறு தின்பாய்?

பெரியப்பா எதற்கெடுத்தாலும் காகிதம் காகிதம் என்கிறார் என்று நீயும் உன் அண்ணனும் சிரிப்பது எனக்குத் தெரியும். சிரியுங்கள். வீட்டு விஷயத்தில் வாய்ச்சொல்லை நம்பியதால் நம் ஜனங்கள் பட்டது கொஞ்சநஞ்சமில்லை. தோட்டத்தில் லயத்து வீடு வேலைக்காரனுக்கு இலவசம் என்றார்கள். வேலை இருக்கும்வரை வீடு என்பதை யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது மரத்துக்கு விலை இருந்தது, நிலத்துக்கு விலை இருந்தது, தலைமுறையாகக் குடியிருந்தவனுக்குக் காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லை. சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த துன் சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது இதைத்தான் புரிந்துவைத்திருந்தார். தொழிலாளியிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, தோட்டத்தில் அவனுக்கு ஒரு பங்கை எழுத்தில் கொடுத்தார். நம் ஜனங்கள் கையில் நிலத்தைப் பற்றி வந்த முதல் காகிதம் பலருக்கு அதுதான். அந்தச் சங்கத்துக்கு வெளியே இருந்தவர்கள் கதை தெரிந்ததுதான். 1990 இல் வந்த தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம்கூடத் தண்ணீர், மின்சாரம், சுவர், கூரை என்று பேசியதே தவிர வீட்டை அவன் பேருக்கு எழுதச் சொல்லவில்லை. புத்ராஜெயா எழும்பியபோது பிராங் பெசார், காலோவே, மேடிங்லி, செட்ஜ்லி நான்கு தோட்டத்து மக்களையும் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில் ஏற்றினார்கள். மாடும் ஆடும் கோழியும் நாயுமாகத் தரையில் வாழ்ந்தவர்கள். தரைவீடு கேட்டு அவர்கள் எத்தனை ஆண்டு போராடினார்கள் என்று பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தெரியும். நம் தோட்டத்தில் தாத்தாவுக்கு வீட்டைப் பற்றிக் கிராணி என்ன சொன்னார், பிறகு என்ன நடந்தது என்பதை நான் மறுபடி எழுத வேண்டாம். அன்று யாரும் பொய் சொல்லவில்லை என்று உன் அப்பா இன்றும் சொல்வான். பொய் சொல்லவில்லைதான். சொன்னவர் மாற்றலாகிப் போனார், புது ஆள் வந்தார், அவருக்கு ஒன்றும் தெரியாது. அவ்வளவுதான்.

தோட்டம் வேறு, தாமான் வேறு, இது ஒரு வருஷ வாடகை வீடுதானே என்பாய். வேறுதான். ஆனால் சொன்னவர் மாறிவிடுவது இங்கேயும் நடக்கும். உரிமையாளர் இறந்தால் பிள்ளைகள் வருவார்கள், விற்றால் புது முதலாளி வருவார், ஏஜெண்ட் மாறினால் வாட்ஸ்அப் செய்தியும் அவரோடு போய்விடும். நல்ல மனிதர் என்பதால் எழுத வேண்டாம் என்ற வாதம் எனக்கு எப்போதும் புரிந்ததில்லை. நல்ல மனிதரிடம் எழுதி வாங்குவதுதான் சுலபம்.

முதலிலேயே சொன்னால் எல்லாக் கதவும் மூடிவிடும் என்பது உன் அடுத்த பயம். அதில் உண்மை இருக்கிறது. இந்தியருக்கு இல்லை என்று விளம்பரத்திலேயே போடுகிறவர்கள் இருக்கும் நாடு இது, அதைத் தடுக்கும் சட்டமும் இல்லை. பேரைக் கேட்டவுடன் குரல் மாறுவதை நீ ஷா ஆலாமில் வீடு தேடியபோது பார்த்திருப்பாய். அதன்மேல் ஒரு ராட்வைலரையும் ஏற்றினால் கூப்பிடும் பத்துப் பேரில் ஒருவர் கூடத் திரும்பப் பேசாமல் போகலாம். ஆனால் யோசி, நாயைப் பற்றி முதலில் கேட்டதும் வேண்டாம் என்பவர், ஆறு மாதம் கழித்துத் தெரிந்துகொண்டால் வேண்டும் என்றா சொல்வார்? இப்போது மறுத்தால் உனக்குப் போவது ஒரு போன் கால். அப்போது மறுத்தால் முன்பணம், லாரிச் செலவு, மாதச் சம்பளத்தில் பாதி, எல்லாவற்றுக்கும் மேல் டைகரை எங்கே விடுவது என்ற அழுகை. நம்மைப் பற்றி ஏற்கனவே தப்பாக நினைத்துக்கொண்டிருப்பவருக்கு, பார்த்தாயா ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல நாமே ஒரு காரணத்தைக் கையில் கொடுக்க வேண்டியதில்லை. உனக்குப் பின்னால் வீடு தேடி வரும் இந்தியப் பிள்ளைக்கும் அது போய்ச் சேரும்.

மணியை மட்டும் சொல்லிவிட்டு டைகரைப் பின்கட்டில் மறைத்து வைக்கலாமா, இல்லையென்றால் டைகரை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று உன் செய்தியில் ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபமே வந்தது. வயதான பெரிய நாயை, அதிலும் அந்த இனத்தை, யார் எடுப்பார்கள்? காப்பகங்களில் பெரும்பாலும் கடைசியாகப் போவது பெரிய நாய்கள்தான். மறைத்து வைப்பது இன்னும் மோசம். 2015 ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், 2017 ஜூலையில் அமலுக்கு வந்தது, பிராணிக்கு ஏற்ற இடமும் அதன் இயல்புப்படி இருக்க வசதியும் கொடுப்பது வளர்ப்பவர் கடமை என்கிறது. கொடுமைக்கு 20,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. நீ கொடுமைக்காரி இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் அக்கம்பக்கத்தார் பார்க்கக் கூடாது என்று பால்கனியில் பூட்டிய நாய் என்ன ஆகும் என்பதற்குச் சட்டம் படிக்க வேண்டாம்.

ஆகவே எந்த வீடாக இருந்தாலும் எழுதி வாங்கு. எப்படி என்றால், பிராணி கூடாது என்ற அச்சு வரியைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் நீயும் உரிமையாளரும் சுருக்கொப்பம் போடுங்கள். கீழே இரண்டு நாய், இனம், வயது, பெயர் எழுதிப் படத்தையும் இணைத்துவிடு. நாய்க்கென்று தனியாக ஒரு மாத முன்பணம் கேட்டால் கொடுத்துவிடு. அநியாயம் என்பாய், முன்பணத்துக்கு உச்சவரம்பு வைக்கும் சட்டம் இங்கே இல்லை, அது அவர் பயத்துக்கு நீ கொடுக்கும் விலை. ஆனால் எந்தச் சேதத்துக்கு எவ்வளவு பிடிக்கலாம், மீதி எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். சாவி வாங்கும் அன்றே கதவின் கீழ்ப்பாதியைப் படம் எடு. நகக்கீறல் விழும் இடம் அதுதான். கார் நிறுத்தும் சிமெண்ட் தரையையும் எடு. மழைக்குப் பிறகு மூத்திர வாடை எழும்புவது அங்கேதான், வீட்டுக்காரர் முதலில் மூக்கைச் சுருக்குவதும் அங்கேதான். போகும்போது சமாக் செய்து தருகிறேன் என்று நீயாகவே ஒரு வரி சேர்த்தால் பாதிப் பேச்சு முடிந்துவிடும். நாயின் லைசன்ஸை நகராண்மைக் கழகத்தில் எடுக்க வேண்டும். எந்த வகை வீட்டில் எத்தனை நாய் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும், ஒப்பந்தத்துக்கு முன்பே கவுண்டரில் கேட்டுவிடு. தடுப்பூசி அட்டை, கருத்தடை செய்த சான்று, இப்போதைய வீட்டுக்காரரின் ஒரு கடிதம் இவற்றை ஒரு கோப்பில் வைத்து முதல் சந்திப்பிலேயே நீட்டு. எதிரில் இருப்பவர் கேட்பதற்கு முன் காட்டுகிறவளிடம் சந்தேகம் குறையும்.

கம்போங் கோ வீட்டைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, நீ ஒருபக்கமாகப் பேசுகிறேன் என்பாய். கூரை பழசுதான், ஒழுகினால் ஓடு மாற்றச் சொல்லலாம். வேலைக்குத் தூரம்தான், ஆனால் மஞ்சோங்கில் கோலாலம்பூர் நெரிசலா இருக்கிறது? காம்பவுண்டு இருக்கிறது, பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் இல்லை, லிப்டு இல்லை, நிர்வாகக் கமிட்டி இல்லை. அந்தப் பக்கத்துப் பழைய ஹொக்சியூ சீனக் குடும்பங்கள் பலவற்றில் கோழிப்பண்ணைக்கும் இறால் குட்டைக்கும் நாய் வைத்துப் பழக்கம். நாயைக் கண்டு பதறமாட்டார்கள். வேலி மட்டும் டைகர் தாண்டாத உயரமாக இருக்க வேண்டும், கேட்டின் தாழ்ப்பாள் உள்பக்கம் மூக்கால் தள்ளினால் திறக்காததாக இருக்க வேண்டும். சீனப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் பட்டாசு வெடிக்கும் இரவில் பெரிய நாய்கள் வேலியை உடைத்துக்கொண்டு ஓடும், அன்றைக்கு உள்ளே கட்டி வை. அடுக்குமாடியில் இத்தனை கவலை இல்லை என்பது உண்மை. மூன்று நாள் நோட்டீஸ் ஒன்றுதான் கவலை.

அதிகம் பேசிவிட்டேன். உனக்கு இருக்கும் புத்தி எங்கள் யாருக்கும் கிடையாது, வீட்டில் பெரியம்மாவும் அதைத்தான் சொல்கிறாள். நீ எந்த வீட்டை எடுத்தாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான். அடுக்குமாடிதான் என்றால் சாமான் ஏற்ற நானும் வருகிறேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். வரும் அன்று சாப்பாடு இங்கேதான். பெரியம்மா உனக்காகக் கோங் பியாங் ரொட்டி வாங்கி வைக்கப்போகிறாள், டைகருக்கும் ஒன்று போடலாம் என்று நினைத்திருந்தாள். உள்ளே வெங்காயம் இருக்கிறது, நாய்க்கு ஆகாது என்று சொல்லிவிட்டேன், அவனுக்குத் தனியாகக் கோழியும் சோறும் வேக வைக்கிறாளாம். மணிக்கு வயிறு சரியில்லை என்றாயே, இப்போது எப்படி இருக்கிறான்? எழுது. நாளைக்குச் சந்தைக்குப் போகும் வழியில் கம்போங் கோ வீட்டின் வேலி உயரத்தை அளந்து அப்பாவுக்கு அனுப்பி வைக்கிறேன். சும்மா, தெரிந்து வைத்துக்கொள்ளத்தான்.

அன்புடன்,
பெரியப்பா